ஆயிரம் கைகளும் ஒரு வேலையும்

சென்ரெசிக் ஓவியம் கண்ணில் பட்டால் முகத்தை விட்டுவிட்டு முதலில் உள்ளங்கையைப் பாருங்கள். ஆயிரம் கைகள் வட்டமாக விரிந்து நிற்கும் அந்தத் திபெத்திய உருவத்தில் ஒவ்வொரு உள்ளங்கையிலும் ஒரு கண் திறந்திருக்கும். பார்க்காமல் கை நீட்டாதே, பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருக்காதே. படம் சொல்வது இந்த இரண்டைத்தான். மற்றதெல்லாம் இதற்கு உரை.

சென்ரெசிக் என்பது அவரது திபெத்தியப் பெயர். சமஸ்கிருதத்தில் அவலோகிதேசுவரர், சீனத்தில் குவான்யின், ஜப்பானில் கன்னோன். பௌத்தத்தில் கருணைக்கு உரிய போதிசத்துவர், அதாவது எல்லா உயிர்களையும் கரையேற்ற உறுதிபூண்டவர். இன்று அவர் படம் யோகா வகுப்புகளிலும் ஸ்பா வரவேற்பறைகளிலும் அழகுக்காகத் தொங்குகிறது. தொங்கட்டும். ஆனால் தங்கா எனப்படும் இந்தத் துணி ஓவியம் ஒரு கருவியாகத்தான் உருவானது. வரைகிறவருக்கு அது ஒரு பயிற்சி, அதன் முன்னால் உட்காருகிறவருக்கு இன்னொன்று, எழுந்து வெளியே போகிறவருக்கு மூன்றாவது. அந்த மூன்றாவது நடக்கவில்லை என்றால் முதல் இரண்டும் சுவர் அலங்காரத்தோடு சேர்ந்துவிடும் என்பது என் கட்சி.

இரண்டு வடிவங்கள் அதிகம் புழங்குகின்றன. தினசரி தியானத்துக்கு நான்கு கை வடிவம். வெண்ணிற உடல், பௌத்தர்கள் வஜ்ராசனம் என்று சொல்லும் பத்மாசனத்தில் மடித்த கால்கள், தாமரை மேல் சந்திர வட்டு. முன்னிரு கைகள் நெஞ்சருகே கூப்பியிருக்க, நடுவில் கேட்டதைத் தரும் ரத்தின மணி. வலப்பக்கத்துப் பின்கையில் பளிங்கு ஜெபமாலை, இடப்பக்கத்தில் தாமரை, இடத் தோளில் மான்தோல், தலை உச்சியில் சிவந்த நிறத்தில் அமிதாப புத்தர்.

ஆயிரம் கை வடிவம் நின்ற கோலம். முகம் பதினொன்று: மூன்று மூன்றாக மூன்று அடுக்கு, அதற்கு மேல் கறுத்த உக்கிர முகம் ஒன்று, உச்சியில் அமிதாபரின் முகம். கைகளைத் திபெத்திய மரபு 8 + 40 + 952 என்று பிரிக்கும். முதன்மையான எட்டில் இரண்டு கைகள் அந்த ரத்தின மணியை ஏந்தியிருக்கும். வலப்பக்கத்து மூன்றில் ஜெபமாலை, சக்கரம், வரத முத்திரை. இடப்பக்கத்து மூன்றில் தாமரை, வில்லும் அம்பும், நீர்க்கலசம். ஜப்பானியச் சிற்பிகள் வேறு கணக்குப் போட்டார்கள். நெஞ்சருகே கூப்பிய இரண்டு போக 40 கைகள், ஒரு கைக்கு 25 உலகங்கள் பொறுப்பு, ஆக ஆயிரம். கியோட்டோவின் சஞ்சுசங்கென்தோ கோயிலில் உள்ள 1001 கன்னோன் உருவங்களும் இந்தக் கணக்கில் செய்தவைதான். அந்த நாற்பது கைகளில் இருப்பவற்றைப் பாருங்கள்: நோய் தீர்க்க வில்லோ மரக் கிளை, கயிறு, கோடரி, தண்ணீர்க் குடம். கருணை என்பதைச் சாந்தமான ஒரு முகபாவம் என்று நினைத்திருப்பவர்கள் இந்தச் சாமான்களை ஒரு தடவை எண்ணிப் பார்ப்பது நல்லது.

ஆயிரம் கைகள் வந்ததற்கு ஒரு கதை உண்டு. எல்லா உயிர்களையும் துன்பத்திலிருந்து மீட்பேன், இடையில் மனம் சோர்ந்தால் என் தலை சுக்குநூறாகட்டும் என்று சென்ரெசிக் அமிதாபர் முன்னால் சபதம் செய்கிறார். நரகங்களைக் காலி செய்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் மறுபடியும் நிரம்பியிருக்கின்றன. மனம் விட்டுப்போகிறது, தலை சிதறுகிறது. சிதறியதைப் பதினொரு தலைகளாகச் சேர்த்து, உடலுக்கு ஆயிரம் கைகள் தருகிறார் அமிதாபர். நிவாரணப் பணியிலோ மருத்துவமனையிலோ காலம் தள்ளியவர்களுக்கு இந்தக் கதை சட்டென்று பிடிபடும். சோர்ந்து போனவரை யாரும் கடிந்துகொள்ளவில்லை. ஒரு ஜோடிக் கை போதாது என்பது தெரிந்து, கையைக் கூட்டினார்கள்.

இவருக்கும் தமிழுக்கும் பழைய உறவு. 11ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரர் செய்த வீரசோழியம் என்ற இலக்கண நூல், அகத்தியர் தமிழைக் கேட்டது அவலோகிதரிடம் என்கிறது. 7ஆம் நூற்றாண்டில் இந்தியாவைச் சுற்றி வந்த சீனத் துறவி சுவான்சாங், அவலோகிதர் உறையும் போதலக மலை தெற்கே மலய மலைப் பக்கம் இருப்பதாக எழுதிவைத்தார். அது நம் பொதிகைதான் என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. லாசாவின் போதல அரண்மனைக்கும் அந்த மலையின் பெயர்தான். ஆகவே இதை வெளியூர்ச் சரக்கு என்று ஒதுக்கவேண்டியதில்லை.

துணியிலிருந்து கண் வரை

தங்கா வரைவதில் கணிசமான உழைப்பு தூரிகையைத் தொடும் முன்பே முடிந்துவிடுகிறது. நெருக்கமாக நெய்த, மெல்லிய பருத்தித் துணி வேண்டும். கடைக் கஞ்சி போக அலசிக் காயவைத்து, நான்கு ஓரங்களிலும் மூங்கில் குச்சி வைத்துத் தைத்து, அதைவிடப் பெரிய மரச்சட்டத்தின் நடுவே கயிற்றால் வளைத்து வளைத்துக் கட்டுவார்கள். ஆணி அடித்துவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. பூச்சு ஏற ஏறத் துணி தளரும், இறுகும். அதற்கேற்றபடி கயிற்றை இழுத்துக்கொள்ள வழி இருக்கவேண்டும்.

அடுத்தது பசை. தோலிலிருந்து எடுத்த பசை ஒரு பங்கு, தண்ணீர் பத்து முதல் பன்னிரண்டு பங்கு. இரவே ஊறவைத்து, காலையில் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கவேண்டும். 60 டிகிரியைத் தாண்டினால் ஒட்டும் வலு குறையும், கொதித்தால் போச்சு. முதலில் வெறும் பசையை இரு பக்கமும் பூசிக் காயவிட வேண்டும். பிறகு அதே பசையில் சலித்த சுண்ணக்கட்டிப் பொடியை நீர்மோர் பதத்துக்குக் கலந்து, இரு பக்கமும் மெல்லிய பூச்சாகப் பல தடவை. நன்றாகக் காய்ந்ததும் பலகை மேல் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் தடவி, வழுவழுப்பான கல்லாலோ சங்காலோ தேய்க்கவேண்டும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊசித்துளைகூடத் தெரியக்கூடாது.

தொடக்கக்காரர்கள் கோட்டை விடுவது இந்தப் பசையில்தான். கூடினால் துணி விறைத்து, சுருட்டும்போது வெடிக்கும். குறைந்தால் விரலில் வெள்ளை மாவாக ஒட்டும். மேலே போடும் நிறத்தையும் உறிஞ்சி உதிர்த்துவிடும். சரியான பசை ஆறியதும் தளதளவென்று உறைந்து, விரலால் அழுத்தினால் மெதுவாக உடையும். சென்னை வெயிலில் அது உறையவே உறையாது, ஃப்ரிட்ஜில் வைத்துத்தான் பதம் பார்க்கவேண்டும். வெளியே கிடந்தால் சீக்கிரம் நாற்றமெடுக்கும். நாறிய பசை ஒட்டாது, மிச்சம் பிடிக்க நினைக்காமல் கொட்டிவிட வேண்டும்.

கோடுகள் எட்டு: நடுவில் ஒரு நிலைக்கோடு, ஒரு கிடைக்கோடு, இரண்டு மூலைவிட்டங்கள், நான்கு எல்லைகள். பொடி தடவிய நூலைச் சுண்டிப் போடுவார்கள். நடுக்கோடு சாய்ந்தால் உருவம் முழுவதும் சாயும், அதைப் பின்னால் எந்த அழகும் காப்பாற்றாது. உடல் அளவுக்கு அலகு ஒரு விரல் அகலம். அப்படிப் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு முகம். நின்ற புத்தர் உருவம் ஒரு மரபில் 125 விரல், இன்னொன்றில் 120. நம் ஸ்தபதிகளின் சிலை அளவு முறையான தாளமானமும் இதே குடும்பம்தான்: 12 அங்குலம் ஒரு தாளம், பெருந்தெய்வங்களுக்கான உத்தம தசதாளத்தில் 124 அங்குலம். மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை உள்ள நீளமும் முகத்தின் நீளமும் ஒன்று என்ற விதியும் இரு பக்கமும் பொது.

கைகளில் வரும் பிழை பெரும்பாலும் கட்டைவிரல். உள்ளங்கை நம்மைப் பார்த்திருக்கும்போது, உயர்த்திய கைகளில் கட்டைவிரல் தலைப்பக்கம் வரும். பக்கவாட்டில் நீண்ட கைகளில் மேற்பக்கம். தாழ்ந்த கைகளில் உடலுக்கு வெளிப்பக்கம். ஒரே கையை வரைந்து சுழற்றிச் சுழற்றி நகலெடுத்த மலிவுப் படங்களில் இது தாறுமாறாக இருக்கும். இடப்பக்கத்தில் முழுக்க வலக்கைகளாகக்கூட இருக்கும். படம் வாங்குகிறவர்கள் இதை வைத்தே வேலையின் தரத்தைச் சொல்லிவிடலாம்.

நிறங்கள் மண்ணிலிருந்தும் கல்லிலிருந்தும் வருபவை. நீலத்துக்கு அசுரைட், பச்சைக்கு மாலகைட், சிவப்புக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்கு அரிதாரம், கருஞ்சிவப்பு நிழலுக்கு அரக்கு, நீல நிழலுக்கு அவுரி. அசுரைட்டை மைபோல அரைத்தால் வெளிறிப்போகும். கொரகொரப்பாக இருந்தால்தான் அடர்நீலம் கிடைக்கும். ஆனால் கொரகொரப்பு கூடினால் பசை பிடிக்காமல் மணலாக உதிரும். சாதிலிங்கத்தில் பாதரசம், அரிதாரத்தில் ஆர்சனிக். அவுரி நிழல் போடும்போது தூரிகை நுனியை உதட்டில் ஈரப்படுத்தும் பழக்கம் ஓவியர்களிடம் உண்டு. அந்தப் பழக்கத்தோடு அரிதாரக் கிண்ணத்துப் பக்கம் போகவே கூடாது.

தொலைவிலிருந்து அருகே வருவதுதான் வரிசை. முதலில் வானம்: மேலே அடர்நீலம், அடிவானத்தில் வெளுப்பு. பிறகு மலை, நீர், தாமரை, ஆடை, கடைசியில் உடல். தட்டையாக நிறம் போட்டு, நிழல் ஏற்றி, கோடிட்டு, பொன்பொடியைப் பசையில் குழைத்துத் தீட்டி, அகேட் கல் முனையால் மெருகேற்றுவார்கள். எல்லாம் முடிந்த பிறகு கண்கள். சென்ரெசிக்கின் பார்வை பாதி மூடி, கீழ்நோக்கி இருக்கவேண்டும். நேர்ப்பார்வையாக வரைந்தால், படத்தை உயரத்தில் மாட்டியதும் அது உட்கார்ந்திருப்பவரின் தலைக்கு மேலாகப் போய்விடும். துணியின் பின்பக்கம் நெற்றி, தொண்டை, நெஞ்சு ஆகிய இடங்களுக்கு நேராக ஓம், ஆ, ஹூம் என்று எழுதிப் பிரதிஷ்டை செய்வார்கள்.

இதில் கருணைப் பயிற்சி எங்கே இருக்கிறது என்றால், அந்த 952 சின்னக் கைகளில். முதல் ஐம்பது கைகளுக்கு எல்லோரும் இமையும் விழியும் வைப்பார்கள். எழுநூறாவது கைக்கு வரும்போது கண் வெறும் புள்ளியாகச் சுருங்கும். அரசு மருத்துவமனை புறநோயாளிப் பிரிவில் பகல் ஒரு மணிக்கு வரிசையில் நிற்பவருக்கு நேர்வதும் அதுதான். எழுநூறாவதற்கும் முழுக் கண் வைக்கப் பழகுவதற்கு ஆசான்கள் சொல்லும் வழி எளிது: களைப்பு வந்ததும் கையை நிறுத்து, மந்திரத்தைச் சொல், தூரிகையைக் கழுவு, பிறகு தொடு. ஒரே மூச்சில் முடிக்கப் பார்க்காதே.

உட்காருவது

திபெத்திய வீடுகளிலும் மடங்களிலும் அதிகம் ஓதப்படும் சென்ரெசிக் தியானத்தை எழுதியவர் தங்தோங் கியால்போ. சில பக்கங்களே கொண்ட பாடம்; நிதானமாகச் செய்தால் அரை மணி நேரம். அதன் போக்கு இப்படி.

புத்தர், தருமம், சங்கம் மூன்றையும் சரணடைந்து, எல்லா உயிர்களின் நலனுக்காக இதைச் செய்கிறேன் என்ற எண்ணத்தை மூன்று தடவை சொல்லி நிறுத்துவது தொடக்கம். பிறகு தன் தலை உச்சிக்கு மேலே வெண்தாமரை, அதன் மேல் சந்திர வட்டு, அங்கே சென்ரெசிக். தன் தலைக்கு மேல் மட்டும் என்றால் போதாது, எல்லா உயிர்களின் தலைக்கு மேலும் அவர் இருப்பதாகப் பாவிக்கச் சொல்கிறது பாடம். பிரார்த்தனை. அவர் உடலிலிருந்து ஐந்நிற ஒளி புறப்பட்டு உலகத்தையும் உயிர்களையும் துலக்குகிறது. அப்போது 'ஓம் மணி பத்மே ஹூம்'. ஆறு அசைகள் ஆறு பிறவி உலகங்களுக்கு. ஜெபமாலையில் 108, முடிந்தால் அதன் மடங்குகள். பிறகு எல்லா உருவமும் கரைய, எதையும் செய்யாமல் சிறிது நேரம் இருப்பது. முடிவில் கிடைத்த நன்மையை எல்லோருக்கும் அர்ப்பணிப்பது.

அந்த அர்ப்பணிப்புக்கு முன்னால் ஒரு வரி இருக்கிறது. எழுந்த பிறகு காணும் உடல்கள் எல்லாம் அவர் உடல், கேட்கும் ஒலிகள் எல்லாம் அவர் மந்திரம், எழும் எண்ணங்கள் எல்லாம் அவர் ஞானம் என்று கொண்டு நட என்கிறது பாடம். அரை மணி நேரமும் இந்த ஒரு வரிக்காகத்தான் என்று எனக்குத் தோன்றும். உதவி பெறுகிறவரைப் 'பாவம்' என்று பார்க்கும் பழக்கம் நமக்கு ஊறிப்போனது. பை நிறைய அரிசி கொடுத்துவிட்டு ஃபோட்டோவுக்கு நிற்கச் சொல்லும் பழக்கமும் அங்கிருந்து வருகிறது. எதிரில் இருப்பவர் தலைமேலும் அதே போதிசத்துவர் உட்கார்ந்திருக்கிறார் என்று தினமும் அரை மணி நேரம் பழகியவருக்கு ஃபோட்டோ கேட்க நா எழாது.

ஓவியம் இங்கே எப்படிப் பயன்படும்? முதுகை நிமிர்த்தி உட்காரும்போது படத்தின் முகம் கண் மட்டத்துக்குச் சற்று மேலே, ஒன்று ஒன்றரை மீட்டர் தூரத்தில் இருக்கட்டும். மூன்று நான்கு நிமிடம் பகுதி பகுதியாகப் பாருங்கள்: தாமரை, மடித்த கால், ஆடை, கைகள், முகம். கண்ணைப் பாதி மூடி ஒரே ஒரு பகுதியை மனத்தில் கொண்டுவாருங்கள். தாமரை மட்டும் வந்தால் இன்றைக்குத் தாமரை போதும். முழு உருவத்தையும் ஒரே நாளில் பிடிக்க நெற்றியைச் சுருக்கிக்கொண்டு முயல்பவர்களுக்குத் தலைவலிதான் மிச்சம். உருவம் கல் சிலை மாதிரி கெட்டியாகவும் வேண்டாம், அச்சுப் படம் மாதிரி தட்டையாகவும் வேண்டாம். ஒளியால் ஆனதாக, ஊடுருவித் தெரிவதாக இருக்கவேண்டும். மங்கலாக வந்தால் பரவாயில்லை.

தூக்கம் வந்தால் பார்வையை உயர்த்தி, மனத்தை அவர் முகத்தில் வைத்து, வெண்மையைக் கூட்டுங்கள். மனம் அலைந்தால் பார்வையைத் தாழ்த்தித் தாமரை ஆசனத்துக்கு வாருங்கள். எண்ணிக்கை மோகம் இன்னொரு தொல்லை. மாலை உருட்டும் வேகத்தில் 'ஓமணிபேமேஹூம்' என்று எல்லாம் குழைந்துபோகும். அப்போது எண்ணிக்கையை விட்டு மூச்சுக்கு ஒரு தடவை என்று இறங்கிவிடுவது நல்லது.

இவற்றைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. பிறர் துயரத்தை நினைத்து நினைத்துத் தானே உடைந்துபோவது. கருணைக்குத் தொலைவில் நிற்கும் பகை கொடூரம், அருகிலேயே நிற்கும் பகை துக்கம் என்று பாலி மொழிப் பௌத்த நூலான விசுத்திமக்கம் வகுத்துவைத்திருக்கிறது. அருகில் இருப்பதால்தான் அது கருணை என்றே ஏமாற்றும். நரம்பியல் ஆய்வாளர்கள் ஓல்கா கிளிமெக்கி, தானியா சிங்கர் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதையே வேறு வழியில் தொட்டது. துன்பப்படுபவர்களைக் காட்டும் வீடியோக்களைப் பார்க்கவைத்தபோது, பிறர் வலியைத் தானும் உணரும் பயிற்சி மட்டும் பெற்றவர்களிடம் வேதனை கூடியது. அதே ஆட்களுக்குப் பிறகு கருணைப் பயிற்சி தந்ததும் வேதனை இறங்கி, நல்லுணர்ச்சி ஏறியது. மூளையில் இயங்கிய பகுதிகளும் வேறாக இருந்தன. ஆகவே தியானத்தில் அழுகை வந்து நிற்கவில்லை என்றால் அதை ஆழ்ந்த அனுபவம் என்று கொண்டாடவேண்டாம். ஒளி வெளியே போகும் பகுதிக்கு வாருங்கள்: அவர் வலி குறைகிறது, அவர் எழுகிறார் என்பதைப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது பிறர் துயரை வாங்கி, விடும்போது நலத்தைத் தரும் தொங்லென் பயிற்சியிலும் இதே கவனம் வேண்டும். முதலில் தன் சொந்தத் துயர், பிறகு வேண்டியவர், பிறகு மற்றவர். ஐந்து பத்து நிமிடம் போதும். அண்மையில் மரணத்தையோ பேரதிர்ச்சியையோ சந்தித்தவர்கள் இதை இப்போதைக்குத் தள்ளிவைத்து, அன்பை வளர்க்கும் மைத்திரி தியானத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இரண்டு நாள் உபவாசமான ஞுங்னே ஆயிரம் கை வடிவத்தை ஒட்டியது. தொழுநோயால் வருந்திய பிக்குணி லட்சுமி இதைச் செய்து குணமடைந்தார் என்பது மரபு. முதல் நாள் நண்பகலுக்கு முன் ஒரே வேளைச் சாப்பாடு; இரண்டாம் நாள் சோறும் தண்ணீரும் பேச்சும் இல்லை; விழுந்து வணங்குவது மட்டும் நிறைய. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் இதை முயலக்கூடாது.

எழுந்து போனவர்கள்

தியானப் பாடம் எழுதிய தங்தோங் கியால்போவைத் திபெத்தியர்கள் இன்னொரு பெயரால் அதிகம் அறிவார்கள்: இரும்புப் பாலக்காரர். 15ஆம் நூற்றாண்டில் இமயத்தின் ஆறுகளைக் கடக்கப் பல இடங்களில் படகுதான் வழி. கையில் காசில்லாதவர் கரையிலேயே நிற்கவேண்டியதுதான். கந்தல் உடையில் வந்த இவரைப் படகோட்டி துடுப்பால் அடித்துத் தள்ளிவிட்டதாகவும், அன்றே பாலம் கட்ட முடிவெடுத்ததாகவும் கதை. கதை எப்படியோ, பாலங்கள் நிஜம். 1430இல் லாசாவுக்குத் தென்மேற்கே யார்லுங் சாங்போ ஆற்றின் குறுக்கே இரும்புச் சங்கிலிப் பாலம் எழுந்தது. மொத்தம் 58 இரும்புப் பாலங்கள் என்கிறது மரபு. பணத்துக்கு ஆட்டமும் பாட்டும் கொண்ட நாடகக் குழுவை ஊர் ஊராக அழைத்துப் போனார். திபெத்திய லாமோ கூத்து அவரிடமிருந்துதான் தொடங்குகிறது என்பார்கள். பூட்டானில் பாரோவுக்கு அருகே தாச்சோக்கில் அவர் கட்டியது 1969இல் வெள்ளத்தில் போய், பழைய சங்கிலிகளையே பயன்படுத்தி 2005இல் மீண்டும் எழுந்தது. ஓவியங்களில் அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். வெண்தாடியும் கறுத்த உடலுமாக உட்கார்ந்திருப்பார். தியானிகளின் கையில் வழக்கமாக இருக்கும் கைமணிக்கும் வஜ்ரத்துக்கும் பதில் அவர் கையில் இரும்புச் சங்கிலிக் கண்ணிகள்.

தைவானில் இதே ஆயிரம் கை உருவம் வேறு மாதிரி வேலை செய்தது. 1966இல் ஹுவாலியன் என்ற ஊரில் பிக்குணி செங் யென் த்ஸு சி அமைப்பைத் தொடங்கியபோது அவர் போட்ட கணக்கு: ஐந்நூறு பேர் சேர்ந்தால் ஆயிரம் கண், ஆயிரம் கை, அது ஒரு குவான்யின். படத்தை ஆள்கணக்காக மாற்றியதுதான் அவருடைய சாமர்த்தியம். உடனிருந்த ஆறு பேர் நாளுக்கு ஒரு ஜோடி வீதம் கூடுதலாகக் குழந்தைக் காலணி தைத்து விற்றார்கள். முப்பது இல்லத்தரசிகள் மூங்கில் உண்டியலில் தினமும் ஐம்பது காசு போட்டார்கள். மாதக் கடைசியில் மொத்தமாகப் பதினைந்து தைவான் டாலர் கொடுத்துவிடலாமே என்று கேட்டவர்களிடம், காசு ஒன்றுதான், ஆனால் தினமும் போட்டால் கொடுக்கும் எண்ணமும் தினமும் வரும் என்று மறுத்துவிட்டார். தினமும் மாலை உருட்டிச் செய்யும் மந்திர ஜெபம் மாதிரிதான் அது. 1986இல் அங்கே அவர்கள் மருத்துவமனை திறந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் அம்பாந்தோட்டையில் வீடிழந்தவர்களுக்குக் குடியிருப்பு கட்டித் தந்ததும் இவர்கள்தான். அவர்களின் தொண்டர்கள் பொருளை இரு கைகளாலும் நீட்டி, தலை தாழ்த்தி, வாங்குகிறவருக்கு நன்றி சொல்வார்கள். தங்தோங் கியால்போவின் அந்த ஒரு வரி நடைமுறையில் எப்படி இருக்கும் என்று கேட்டால் இதைத்தான் காட்டலாம்.

வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்கள் ஆயிரம் கைகளையும் எடுத்துக்கொள்ளாமல், ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இடம், கிழமை, நேரம் மூன்றும் சொல்லக்கூடிய வேலையாக இருக்கட்டும். பார்வையற்ற மாணவருக்குத் தேர்வு எழுதிக் கொடுப்பது. பக்கத்து வீட்டுப் பெரியவரோடு மாதம் ஒரு தடவை மருத்துவமனைக்குப் போய் மருந்து வாங்கித் திரும்புவது. ரத்ததானம் என்றால் ஆண்களுக்கு 90 நாள் இடைவெளி, பெண்களுக்கு 120 நாள், காலண்டரில் குறித்துவிடலாம். 'முடிந்தபோதெல்லாம் உதவுவேன்' என்பது கண் இல்லாத கை. அதேபோல வாட்ஸ்அப்பில் துயரச் செய்திகளை ஃபார்வர்டு செய்வது கை இல்லாத கண். தொடங்கும்போது மூன்று வேலைகளை ஒப்புக்கொள்பவர்கள் இரண்டு மாதத்தில் மூன்றையும் விட்டுவிடுவார்கள்.

வேலைக்குக் கிளம்பும் முன் ஐந்து நிமிடம் படத்தின் முன்னால்: எதிரில் வரப்போகும் குறிப்பிட்ட ஆளை, பெயரோடு, அவர் தலைமேல் தாமரையோடு நினைப்பது. திரும்பி வந்ததும் ஐந்து நிமிடம்: எங்கே எரிச்சல் வந்தது, எங்கே அவர் சொன்னதைக் கேட்காமல் நாமே முடிவெடுத்தோம், அடுத்த தடவைக்கு என்ன சாமான் தேவை. இந்தக் கடைசிக் கேள்வியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். சக்கர நாற்காலி போகச் சாய்தளம் இருக்கிறதா, மருந்துச் சீட்டு நகல் இருக்கிறதா, தேர்வு மையத்துக்குத் தேவையான அனுமதிக் கடிதம் வந்துவிட்டதா என்பவையெல்லாம் தியானத்தில் தெரியவராது, விசாரித்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டும்.

பணம் தருவதானால் யுபிஐயில் ஆட்டோ டெபிட் வைப்பது அமைப்புகளுக்கு வசதி, அதை நிறுத்தவேண்டாம். அதோடு சமையலறை மேடையில் ஒரு டப்பாவும் இருக்கட்டும். உலை வைக்கும் முன் ஒரு ரூபாயோ ஒரு பிடி அரிசியோ. அரிசி என்றால் டப்பாவின் அடியில் இரண்டு காய்ந்த மிளகாய் போட்டு வையுங்கள், மாதக் கடைசி வரை வண்டு வராது.